கக்கூஸ் குழிக்கு ஆள் பேசுமுன் – கரிசல் காட்டுத் தம்பதியருக்கு



உளுந்தோ, பருத்தியோ, மக்காச்சோளமோ விற்றுக் கையில் நாலு காசு சேர்ந்ததும், "இந்த வருஷமாவது ஒரு கக்கூஸ் கட்டிப்போடுவோம்" என்று வீட்டில் பேச்சு எழுகிறது. நல்ல பேச்சு. விடியுமுன் எழுந்து வேலிக்கருவைப் புதரைத் தேடிப் போகும் தாய்மார்களுக்கும், இருட்டும்வரை வயிற்றை அடக்கிக்கொண்டிருக்கும் வயசுப் பெண்களுக்கும் அது எவ்வளவு பெரிய நிம்மதி என்பதை நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. வெளிக்காட்டு மலத்திலிருந்து வெறுங்கால் வழியாக ஏறும் கொக்கிப்புழு இரத்தத்தைக் குடித்துச் சோகையை உண்டாக்குகிறது. மலம் கலந்த தண்ணீரால் வரும் மஞ்சள்காமாலையில் ஒரு வகை, கர்ப்பிணிகளின் உயிருக்கே ஆபத்தானது. ஆகவே கழிப்பறை ஆடம்பரம் அல்ல. குடும்ப நலத்தின் அஸ்திவாரம் அது.

ஆனால் பெரும்பாலும் என்ன செய்கிறோம்? கண்ணுக்குத் தெரியும் அறைக்கு ஓடு எது, கதவு எந்தக் கலர் என்று மூன்று நாள் யோசிக்கிறோம். கண்ணுக்குத் தெரியாத குழியை மட்டும், "அண்ணாச்சி, நீங்க பாத்துக்கிடுங்க" என்று காண்ட்ராக்டரிடம் விட்டுவிடுகிறோம். கார்த்திகை மழையில் குழி நிரம்பிக் கோப்பை வழியே எதிர்த்து வரும்போதுதான் வேலையின் லட்சணம் தெரிகிறது. அப்போது பணம் கைமாறி இருக்கும். பழைய புதரே மறுபடி கதி.

குழி வெட்ட ஆள் பேசுமுன் கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து படிக்க வேண்டிய பாடம் இது.

1. நம் மண்ணின் குணம்

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், கயத்தாறு வட்டாரத்துக் கரிசலுக்கு இரண்டு முகம் உண்டு. சித்திரையில் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். அப்போது எத்தனை குடம் ஊற்றினாலும் குடித்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் மண் உப்பி வெடிப்பெல்லாம் மூடிக்கொள்ளும். அப்போது ஒரு செம்புத் தண்ணீரைக்கூட எளிதில் வாங்காது.

கோடையில் வெட்டிய குழியில் ஒரு குடம் ஊற்றிக் காட்டி, "பாருங்க, எப்படி இழுக்குது!" என்று காண்ட்ராக்டர் சொன்னால் மயங்காதீர்கள். அது வெடிப்பில் ஓடிய தண்ணீர். மண் உறிஞ்சிய தண்ணீர் அல்ல. கரிசலில் குழியை மழைக்கால மண்ணுக்குத்தான் அளந்து வெட்ட வேண்டும். இந்தப் பாடத்தின் முக்கிய விஷயம் இதுதான்.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். குழி வர வேண்டிய இடத்தில் ஒரு அடி அகலம், மூன்றடி ஆழத்துக்கு ஒரு சின்னக் குழி எடுங்கள். சாயந்தரமே தண்ணீர் நிரப்பி, இறங்க இறங்க ஊற்றி, இராத்திரி முழுதும் ஊற விடுங்கள். வெடிப்பு மூடிக்கொள்ளும். மறுநாள் காலையில் மறுபடி தண்ணீர் விட்டு, குச்சியில் அடையாளம் வைத்து, ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். ஒரு அங்குலம்கூட இறங்கவில்லை என்றால் அது சாதாரண உறிஞ்சு குழிக்கு ஏற்ற நிலம் அல்ல. ஊராட்சி ஒன்றிய அலுவலக ஓவர்சியரைக் கேட்காமல் வேலையைத் தொடங்காதீர்கள். சில இடங்களில் கரிசலுக்கு அடியில் சரளையோ சுக்கானோ வரும். அங்கே தண்ணீர் கொஞ்சம் நன்றாக இறங்கும். அதையும் கடப்பாரை போட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

2. எந்த மாதிரிக் குழி?

நம் ஊர்களில் "செப்டிக் டேங்க்" என்று சொல்லிக் கட்டுவதில் பல, உண்மையில் செப்டிக் டேங்கே அல்ல. பத்துப் பதினைந்து சிமெண்டு உறையை இறக்கி, அடியைத் திறந்தபடி விட்டு, மேலே மூடி போட்ட ஆழக் கிணறு அது. "ஆழம் அதிகமானால் ஆயுசுக்கும் ரொம்பாது" என்பார்கள். அது தவறு. ஆழம் கூடக்கூட அழுக்கு நிலத்தடி நீரை நெருங்கும். விஷவாயு தங்கும். ஒருநாள் நிரம்பத்தான் செய்யும்.

சரியான முறைகள் இரண்டு.

(அ) இரட்டைக் குழி. 1970 முதல் பீகாரில் சுலப் நிறுவனம் பரப்பி, பின்பு நாடு முழுவதும் அரசுத் திட்டங்களில் ஏற்றுக்கொண்ட முறை இது. இரண்டு சிறு குழிகள், நடுவில் ஒரு சந்திப்புத் தொட்டி. ஒரு நேரத்தில் ஒரு குழிக்கு மட்டுமே வழி. அது நிரம்பியதும் வழியை அடைத்து அடுத்த குழிக்குத் திருப்ப வேண்டும். நிரம்பிய குழியை மூடி இரண்டு வருஷம் ஆறப்போட்டால், உள்ளே இருப்பது நாற்றமில்லாத மக்கிய எருவாகிவிடும். மண்வெட்டியால் அள்ளிக் காட்டுக்குப் போடலாம். லாரி நுழையாத தெருவுக்கும் தண்ணீர்ப் பஞ்சமுள்ள ஊருக்கும் இதுவே ஏற்றது.

(ஆ) உண்மையான செப்டிக் டேங்க். அடி, சுவர் எல்லாம் தண்ணீர் கசியாதபடி பூசிய, இரண்டு அறை கொண்ட தொட்டி. முதல் அறை நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு. ஐந்து பேர் வீட்டுக்கு 5 அடி நீளம், 2½ அடி அகலம், தண்ணீர் நிற்கும் ஆழம் சுமார் 3¼ அடி போதும். அதற்கு மேல் ஒரு அடி காலி இடம் வேண்டும். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை லாரி வைத்து இறைக்க வேண்டும். தொட்டியிலிருந்து வெளிவரும் தண்ணீர் சுத்தமானதல்ல. அதைத் தெரு ஓடையில் விடாமல் உறிஞ்சு குழிக்குத்தான் விட வேண்டும். ஆகவே செப்டிக் டேங்க் கட்டினாலும் கரிசல் பிரச்சினை தீராது.

3. கரிசலில் இரட்டைக் குழியின் அளவு

மணல் நிலத்தில் ஒரு சதுர மீட்டர் குழிச்சுவர் நாளுக்கு 50 லிட்டர் வரை உறிஞ்சும் என்று கணக்கிடுவது வழக்கம். கரிசலுக்குக் கணக்கு 10 லிட்டர்தான். கழிப்பறையில் ஐந்து பேர் உபயோகிக்கும் தண்ணீர் நாளுக்கு ஏறக்குறைய 50 லிட்டர். ஆகவே நமக்குச் சுமார் 5 சதுர மீட்டர் சுவர்ப் பரப்பு வேண்டும். அதற்கு ஒவ்வொரு குழியும்:

– உள்வட்டம் 3¼ அடி (1 மீட்டர்).
– குழாய் விழும் இடத்துக்குக் கீழே ஆழம் 4 முதல் 4½ அடி.
– செங்கல் சுவர், குழாய் மட்டம் வரை இடையிடையே துவாரம் விட்ட தேன்கூட்டுக் கட்டு. அதற்கு மேல் துவாரமில்லாத கட்டு.
– சுவருக்கு வெளியே சுற்றிலும் ஒரு அடி அகலத்துக்கு மணலோ பொடி ஜல்லியோ நிரப்பு. கரிசலுக்கு இது கட்டாயம். இல்லாவிட்டால் உப்பும் மண் சுவரை நெருக்கும், துவாரங்களை அடைத்துவிடும்.
– அடியில் சிமெண்டு போடக் கூடாது.
– குழியின் மேல்விளிம்பு தரைக்கு ஒரு அடி உயரத்தில் இருக்க வேண்டும். மழைத் தண்ணீர் உள்ளே புகக் கூடாது.

உள்வட்டம் 3¼ அடி, இரண்டு பக்கச் சுவர் முக்கால் அடி, இரண்டு பக்க மணல் இரண்டு அடி. ஆக, தோண்ட வேண்டிய அகலம் 6 அடி. மணல் நிரப்பை மிச்சம் பிடிக்க நினைக்கும் ஆள் நாலரை அடி அகலம் மட்டும் தோண்டுவார். ஆகவே குழியைத் தோண்டி முடித்த அன்றே டேப் பிடித்துப் பார்த்துவிடுங்கள். அப்புறம் பார்க்க முடியாது.

இரண்டு குழிக்கும் இடையே குழியின் ஆழத்துக்குக் குறையாத இடைவெளி, அதாவது சுமார் 5 அடி, வேண்டும். குளிக்கிற தண்ணீரையும் பாத்திரம் கழுவுகிற தண்ணீரையும் இந்தக் குழியில் விடவே கூடாது. அவை வாழைக்கோ முருங்கைக்கோ போகட்டும்.

கோப்பை வாங்கும்போது கிராமியக் கோப்பை என்று கேட்டு வாங்குங்கள். சரிவு அதிகமாகவும், கீழ் வளைவில் 20 மில்லி மீட்டர் மட்டுமே தண்ணீர் நிற்கும்படியாகவும் இருக்கும். ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் ஊற்றினால் போதும். பட்டணத்துக் கோப்பைக்கு அதைப்போல் பல மடங்கு தண்ணீர் வேண்டும். தண்ணீர் சுமப்பது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்தான் என்பதை மறக்க வேண்டாம்.

4. இடம் குறிப்பது

– கிணறு, அடிபம்பு, போர் இவற்றிலிருந்து 10 மீட்டருக்கு, அதாவது 33 அடிக்குக் குறையக் கூடாது. இடம் இருந்தால் 50 அடி நல்லது. பக்கத்து வீட்டுக்காரர் கிணற்றுக்கும் இதே கணக்குத்தான்.
– தாமிரவருணித் தண்ணீர் வரும் குடிநீர்க் குழாய் குழியை ஒட்டிப் போகக் கூடாது. தண்ணீர் வராத நேரத்தில், வெடித்த குழாய் வெளியிலுள்ள அழுக்கை உள்ளே இழுத்துக்கொள்ளும்.
– வீட்டு அஸ்திவாரத்திலிருந்து 6 அடியாவது தள்ளுங்கள். குழித்தண்ணீரில் கரிசல் உப்பினால் சுவர் வெடிக்கும்.
– தண்ணீர் தேங்கும் பள்ளம் வேண்டாம். மேடான இடம் பாருங்கள்.

5. ஆள் பேசுவது

குறைந்தது இரண்டு பேரிடம் விலை கேளுங்கள். அவர் ஏற்கெனவே குழி வெட்டிக் கொடுத்த வீடுகளில், இரண்டு மழைக்காலம் தாண்டிய வீடாகப் பார்த்துப் போங்கள். கணவன் வீட்டுக்காரரிடம் பேசட்டும். மனைவி அந்த வீட்டுப் பெண்களிடம் தனியே கேட்கட்டும்: "மழைக்கு எதுத்து வந்துச்சாக்கா?" உண்மை அங்கேதான் கிடைக்கும்.

பேச்சு இப்படி நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

காண்ட்ராக்டர்: பதினஞ்சு உறை இறக்கிருவோம் அண்ணாச்சி. உங்க பேரப்பிள்ளை காலத்துக்கும் ரொம்பாது.

கணவர்: ஆழம் வேண்டாம் அண்ணாச்சி. ரெட்டைக் குழி போடணும். சுத்தி ஒரு அடி மணல் நிரப்பணும்.

காண்ட்ராக்டர்: மணல் எதுக்கு? வெட்டுன மண்ணையே தள்ளி மூடிறலாம். செலவு மிச்சம்.

மனைவி: அண்ணே, வெட்டுன மண்ணு கரிசல்தான? கார்த்திகையில அது உப்பிச் செவத்த நெருக்குனா, தண்ணி எங்கண்ணே போகும்?

காண்ட்ராக்டர்: ... சரித்தா, மணலே போட்டுருவோம். லோடுக்குத் தனியா ஆகும்.

மனைவி: ஆகட்டும்ணே. ஆனா அதையும் எழுதிக் குடுத்துருங்க.

இதில் சண்டை ஒன்றும் இல்லை. விவரம் தெரிந்த வீட்டில் நல்ல மேஸ்திரி சந்தோஷமாக வேலை செய்வார். கேள்வி கேட்டால் கோபப்படுகிற ஆளை விட்டுவிடுங்கள்.

கூலி பேசுவது இரண்டு வகை. நீங்களே செங்கல், சிமெண்டு, மணல் வாங்கிக் கொடுத்து ஆள்கூலி மட்டும் பேசுவது ஒன்று. எல்லாம் சேர்த்து மொத்தமாகப் பேசுவது மற்றொன்று. மொத்தமாகப் பேசினால் என்ன சிமெண்டு, எத்தனை செங்கல், எத்தனை லோடு மணல் என்று தனித்தனியே எழுத வேண்டும். இல்லாவிட்டால் மிச்சமெல்லாம் குழிக்குள்தான் பிடிக்கப்படும். ஜேசிபி மணிக்கணக்கு வாடகை. தொடங்கிய நேரத்தையும் முடித்த நேரத்தையும் காலண்டர் தாளில் குறித்து ஓட்டுநரிடமே காட்டிவிடுங்கள்.

பணத்தை நாலு பங்காகக் கொடுங்கள். சாமான் இறங்கியதும் ஒரு பங்கு. இரண்டு குழியும் தோண்டி நீங்கள் அளந்து பார்த்ததும் ஒரு பங்கு. சுவரும் மணல் நிரப்பும் முடிந்து மூடி போடுமுன் ஒரு பங்கு. கோப்பை வைத்துத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தபின் கடைசிப் பங்கு. அந்தக் கடைசிப் பங்கிலும் ஒரு சிறு தொகையைக் கார்த்திகை முடிந்து தருவதாக முதலிலேயே பேசிவைப்பது நல்லது. முழுப் பணத்தையும் முன்னால் கொடுத்துவிட்டு ஆளைத் தேடி அலையாதீர்கள். கந்துவட்டிக்கு வாங்கியும் கட்டாதீர்கள்.

2014 அக்டோபர் 2-ஆம் தேதி தொடங்கிய தூய்மை இந்தியா இயக்கத்தில், கழிப்பறை இல்லாத தகுதியுள்ள வீடுகளுக்கு 12,000 ரூபாய் ஊக்கத்தொகை வைக்கப்பட்டது. உங்கள் வீட்டுக்கு உண்டா என்று ஊராட்சிச் செயலரிடம் வேலை தொடங்குமுன் கேளுங்கள். "நான் வாங்கித் தாரேன்" என்று இடையில் வருபவரிடம் ஆதார் நகலையும் பாஸ்புக்கையும் கொடுத்துவிட வேண்டாம்.

எழுதி வாங்க வேண்டிய சீட்டு – மாதிரி

"இன்னார் வீட்டில் இரட்டைக் குழிக் கழிப்பறை கட்டித் தர ஒப்புக்கொள்கிறேன். குழி இரண்டு. உள்வட்டம் 3¼ அடி. குழாய்க்குக் கீழ் ஆழம் 4½ அடி. சுற்றிலும் ஒரு அடி மணல் நிரப்பு. மேல்விளிம்பு தரைக்கு மேல் ஒரு அடி. சாமான் விவரம் பின்புறம். மொத்தத் தொகை இவ்வளவு, நாலு தவணை. தொடங்கும் தேதி, முடிக்கும் தேதி. வேலையாட்களின் பாதுகாப்புக்குத் தகுந்த ஏற்பாடு செய்வேன். குழியைத் திறந்து போட்டுப் போக மாட்டேன்."

இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கு ஒரு நகல். கணவன், மனைவி இருவர் கையெழுத்தும் இருக்கட்டும்.

6. தோண்டும் நாளில்

மாசி முதல் வைகாசிக்குள் தோண்டுங்கள். மழை மாதத்தில் வேண்டாம். ஈரக் கரிசல் சொல்லாமல் சரியும்.

– மார்பளவுக்கு மேல் ஆழம் போகும்போது பக்கங்களைச் சரிவாக வெட்ட வேண்டும், அல்லது பலகை முட்டுக் கொடுக்க வேண்டும். "காஞ்ச மண்ணு, கல்லு மாதிரி நிக்கும்" என்பதை நம்பாதீர்கள். வெடிப்போடு பாளம் பாளமாகத்தான் கரிசல் விழும்.
– வெட்டிய மண்ணைக் குழி ஓரத்தில் குவிக்கக் கூடாது. ஐந்தடி தள்ளிக் கொட்டட்டும்.
– ஜேசிபி ஓடும்போது குழிக்குள் ஆள் இருக்கக் கூடாது. குழியில் தனி ஆளாக யாரும் இறங்கக் கூடாது. மேலே ஒருவர் நிற்க வேண்டும்.
– ஒரு இராத்திரிகூடக் குழியைத் திறந்து போடக் கூடாது. பலகை போட்டு, சுற்றிலும் வேலிக்கருவை முள் அடையுங்கள். 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் மூடாத ஆழ்துளைக் குழியில் விழுந்த இரண்டு வயதுக் குழந்தையை நாடே காத்திருந்தும் உயிரோடு மீட்க முடியவில்லை. குழந்தைக்கு ஐந்தடிக் குழியும் ஆபத்துத்தான்.

7. தொட்டிக்குள் ஆளை இறக்காதீர்கள்

இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள்.

2020 ஜூலையில் நம் தூத்துக்குடி மாவட்டத்துச் செக்காரக்குடியில், ஒரு வீட்டுக் கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்ய வந்த நான்கு தொழிலாளர்கள் விஷவாயு தாக்கி இறந்தார்கள். பெரும்பாலும் நடப்பது இதுதான்: ஒருவர் மயங்கி விழுவார், அவரைத் தூக்க இன்னொருவர் இறங்குவார், அவரைத் தூக்க அடுத்தவர். மலக்குழியில் உண்டாகும் வாயு முதலில் அழுகிய முட்டை போல நாறும். அளவு கூடியதும் மூக்கு மரத்துவிடும். நாற்றம் தெரியவில்லை என்று இறங்கியவர் திரும்புவதில்லை. விளக்கு இறக்கிப் பார்ப்பதும் வேண்டாம். தீப்பற்றும் வாயுவும் அங்கே உண்டு.

புதுத் தொட்டியும் கொல்லும் என்பது பலருக்குத் தெரியாது. 2022 நவம்பரில் கரூர் சுக்காலியூரில், இன்னும் உபயோகத்துக்கே வராத புதிய தொட்டியில் சென்ட்ரிங் பலகை பிரிக்க இறங்கிய தொழிலாளர்கள் இறந்தார்கள். மூடிய தொட்டியில் ஈரப்பலகை ஊறி அழுகும்போது உள்ளிருக்கும் பிராணவாயு தீர்ந்துபோகிறது. ஆகவே செப்டிக் டேங்க் கட்டினால், மேல்மூடியை அங்கேயே சென்ட்ரிங் அடித்து வார்க்காமல், தனியே வெளியில் வார்த்த பலகைகளைத் தூக்கி வைக்கும்படி பேசிக்கொள்ளுங்கள். அப்போது யாரும் உள்ளே இறங்க வேண்டிய அவசியமே வராது.

2013-ஆம் வருஷச் சட்டப்படி, பாதுகாப்பு இல்லாமல் ஆளைக் கழிவுத் தொட்டியில் இறக்கிச் சுத்தம் செய்ய வைப்பது குற்றம். முதல் தடவைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். காண்ட்ராக்டர் மட்டுமல்ல, வேலைக்கு அழைத்த வீட்டுக்காரரும் பொறுப்பாளியாவார். இப்படி இறப்பவரின் குடும்பத்துக்குத் தர வேண்டிய இழப்பீட்டை 2014-ல் 10 லட்சம் என்று வகுத்த உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் 30 லட்சமாக உயர்த்தியது. ஆனால் எத்தனை லட்சமும் ஒரு வீட்டுக்கு அப்பாவைத் திருப்பித் தராது. "இந்த வேலைக்கு இன்னார்தான்" என்று ஒரு சிலரையே தேடிப்போய் இறக்குவது சட்டத்துக்கும் நியாயத்துக்கும் விரோதம்.

யாராவது உள்ளே விழுந்துவிட்டால் நீங்கள் இறங்காதீர்கள். தீயணைப்புக்கு 101, ஆம்புலன்சுக்கு 108 கூப்பிடுங்கள். எல்லா மூடியையும் திறந்துவிட்டு, கூட்டத்தையும் நெருப்பையும் தூர விலக்குங்கள்.

8. கட்டிய பின்

ஐந்து பேர் வீட்டில் ஒரு குழி மூன்று முதல் ஐந்து வருஷம் வரும். வழியைத் திருப்பிய தேதியைக் கழிப்பறைச் சுவரிலேயே எழுதி வையுங்கள். இரண்டு வருஷம் ஆகுமுன் பழைய குழியைத் திறக்காதீர்கள். கோப்பையில் துணி, நாப்கின், பிளாஸ்டிக் போடக் கூடாது. ஆசிட் ஊற்றிக் கழுவினால் குழியில் மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் சாகும். பிரஷும் கொஞ்சம் சோப்புத் தண்ணீரும் போதும். செப்டிக் டேங்க் உள்ளவர்கள் லாரிக்காரர் கழிவை எங்கே கொட்டுகிறார் என்று கேளுங்கள். ஓடையிலோ கண்மாய்க் கரையிலோ கொட்டினால் அது நம் வீட்டுக் குடத்துக்கே திரும்பி வரும்.

உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்

– இராத்திரி முழுதும் ஊறவிட்டு மண்ணைச் சோதித்தோமா?
– கிணற்றுக்கும் குழிக்கும் உள்ள தூரத்தை அளந்தோமா?
– குழி அகலம் ஆறடி இருக்கிறதா? மணல் நிரப்பைக் கண்ணால் பார்த்தோமா?
– சீட்டு எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோமா?
– எந்தக் கட்டத்திலும் ஒரு மனிதரை மூடிய தொட்டிக்குள் இறக்க மாட்டோம் என்று முடிவு செய்தோமா?

ஐந்துக்கும் "ஆம்" என்று பதில் வந்தால், நல்ல நாள் பார்த்து மண்வெட்டியை எடுக்கச் சொல்லுங்கள். ஒன்றுக்கு "இல்லை" என்று வந்தாலும் பொறுங்கள். இத்தனை வருஷம் காத்திருந்தீர்கள், இன்னும் ஒரு வாரம் காத்திருப்பதில் குறைவில்லை. கார்த்திகை அடைமழையில், கதவைச் சாத்திக்கொண்டு உங்கள் வீட்டுப் பெண்பிள்ளை பயமில்லாமல் உள்ளே போய் வருகிறாளே, அன்றைக்கு இந்த ஒரு வாரத்தின் அருமை தெரியும்.